நிழலின் ஓரத்தில் நிற்கும் மீன்: இரவில் கயாக்கில் துறை விளக்குத் தூண்டில்

புளோரிடாவில் இந்தியன் ரிவர் காயலிலோ டாம்பா விரிகுடாவிலோ பொழுது சாய்ந்த பிறகு கயாக் என்ற சின்னத் துடுப்புப் படகில் போனால், கரையோர வீடுகளின் பின்பக்கம் வரிசையாக வெளிச்சத் திட்டுகள் தெரியும். பல வீடுகளுக்குத் தண்ணீருக்குள் நீளும் சொந்த மரத்துறை உண்டு. சில துறைகளின் நுனியில் கம்பத்து விளக்கு எரியும். சிலவற்றில் தண்ணீருக்கு அடியிலேயே பச்சை விளக்கு ஒன்றை இறக்கி வைத்திருப்பார்கள். கொஞ்சம் நெருங்கிச் சும்மா உட்கார்ந்திருந்தால் 'டப்' என்று ஒரு சத்தம் கேட்கும், இறுக்கமான டப்பாவின் மூடியைத் திறந்தது போல. ஸ்நூக் மீன் மேல்மட்டத்துக்கு வந்து ஒரு இறாலை உறிஞ்சிவிட்டுப் போகும் சத்தம் அது. ஒருமுறை கேட்டவர்கள் மறக்க மாட்டார்கள்.

அந்தச் சத்தத்தைக் கேட்டவுடன் புதிதாக வருபவர் செய்வது ஒன்றுதான்: வெளிச்சத்தின் நட்டநடுவில் தூண்டிலை எறிவார். மீன் கலைந்துவிடும். பத்து நிமிடம் எதுவும் நடக்காது. "இங்கே மீனே இல்லை" என்று அடுத்த துறைக்குப் போவார். மீன் அங்கேயேதான் இருந்தது, வெளிச்சத்துக்குள் இல்லாமல் அதன் விளிம்பில். இந்த விளிம்பை நிழல்கோடு என்று வைத்துக்கொள்வோம். துறை விளக்கில் மீன் பிடிப்பது என்பது இந்த நிழல்கோட்டைப் படிப்பதுதான். எங்கே கயாக்கை நிறுத்துவது, எந்தப் பக்கம் எறிவது, எப்போது போவது என்ற எல்லாவற்றுக்கும் பதில் இதிலிருந்தே வரும்.

விளக்கடியில் ஒரு பந்தி

கடலில் மிதக்கும் நுண்ணிய விலங்குகளில் பல பகலில் ஆழத்தில் இருந்துவிட்டு, இருட்டியதும் மேலே வருபவை. அவற்றில் பல வெளிச்சத்தை நோக்கி நீந்தும். துறை விளக்கு எரியும்போது அவை அங்கே மேகம் போலத் திரளும். அவற்றைத் தின்ன நெத்திலி போன்ற விரல் நீளக் குஞ்சு மீன்கள் வரும். நீரோட்டத்தில் மிதந்து போகும் இறால்களும் இடையில் வந்து சேரும். இவற்றையெல்லாம் தின்ன ஸ்நூக், புள்ளி ட்ரவுட், ரெட்ஃபிஷ், லேடிஃபிஷ், சில இடங்களில் சின்ன டார்ப்பன் வரை வந்துவிடும். ஒரே விளக்கைச் சுற்றி இப்படி ஒரு முழு உணவுச் சங்கிலி.

பச்சை நிறம் ஏன் என்று பலர் கேட்பார்கள். தண்ணீர் சிவப்பு ஒளியைச் சீக்கிரம் உறிஞ்சிவிடும். ஆழ்கடலில் நீலம் வெகுதூரம் போகும். ஆனால் கரையோரக் காயல் தண்ணீரில் அழுகிய இலைதழையின் சாயமும் பாசியும் கலந்திருப்பதால் நீலமும் அங்கே அடிபட்டுப் போகிறது. மிச்சமிருந்து தூரம் போவது பச்சைதான். அதனால் விளக்கின் எல்லை விரிகிறது, கூட்டமும் பெரிதாகிறது. வெள்ளை விளக்கும் மீனைக் கூட்டும். நிறத்தைவிட முக்கியம் அந்த விளக்கு தினமும் எரிகிறதா என்பது. எப்போதாவது ஏற்றும் விளக்கைவிட, இருட்டியதும் தானே எரிந்து விடியும்வரை அணையாத பழைய விளக்கு பத்து மடங்கு மேல் என்பேன். மீன்கள் அதைப் பழகி வைத்திருக்கும்.

சரி, இரை வெளிச்சத்தில் இருக்கிறது. வேட்டையாடும் மீன் ஏன் வெளியே நிற்க வேண்டும்? இரவில் வெளிச்சமான அறைக்குள் இருந்து ஜன்னல் வழியே வெளியே பாருங்கள், ஒன்றும் தெரியாது. வெளியே இருட்டில் நிற்பவருக்கு உள்ளே நடப்பது எல்லாம் தெரியும். ஸ்நூக் அந்த வெளியே நிற்கும் ஆள். இருட்டில் உடம்பை வைத்துக்கொண்டு வெளிச்சத்தைப் பார்த்து நிற்கும். குஞ்சு மீனுக்கு அது இருப்பதே தெரியாது. சட்டென்று ஒரு பாய்ச்சல், ஒரு 'டப்', மறுபடியும் இருட்டுக்குள் போய்விடும். வெளிச்சத்துக்குள் பளிச்சென்று சுற்றிக்கொண்டிருப்பவை பெரும்பாலும் சின்ன மீன்கள். பெரியவை விளிம்பிலோ, விளக்குக்கு அடியில் தரையோடு ஒட்டிய கருமையிலோ இருக்கும்.

விளக்கு எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்து இந்த நிழல்கோட்டின் வடிவம் மாறும். கம்பத்து விளக்கு மேலிருந்து அடிப்பதால் துறையின் பலகைத் தளம் தண்ணீரில் கத்தியால் வெட்டியது போல ஒரு நிழலைப் போடும். மீன் தளத்துக்கு அடியில் இருட்டுப் பக்கம் நின்று, மூக்கை அந்தக் கோட்டுக்கு நேராக வைத்திருக்கும். இரை அந்தக் கோட்டை ஒட்டி, அதற்கு இணையாக ஓட வேண்டும். கோட்டைக் குறுக்கே வெட்டினால் மீன் பார்க்கும் நேரம் நொடிப்பொழுதுதான். தண்ணீருக்குள் இருக்கும் விளக்கில் அப்படி ஒரு கூர்மையான கோடு கிடையாது. ஒளிப்பந்து போல நடுவில் பளீரென்று தொடங்கி வெளியே போகப்போக மங்கும். அங்கே மீன்கள் மங்கலான வளையத்தில் சுற்றும். அந்தப் பச்சைப் பின்னணியில் கறுப்பு நிழலாக அவை கடந்து போவதைக் கண்ணால் பார்க்கலாம். பார்த்த இடத்திலேயே எறியத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள், அடுத்து நீரோட்டத்தைப் பார்க்க வேண்டும்.

ஓடாத தண்ணீரில் பந்தி இல்லை

விளக்கு மட்டும் போதாது, தண்ணீர் ஓட வேண்டும். ஏற்றமோ வற்றமோ, ஏதாவது ஒரு பக்கம் நீரோட்டம் இருக்கும்போதுதான் இரை ஒரு திசையிலிருந்து வந்துகொண்டே இருக்கும். அப்போது வேட்டை மீன்கள் எல்லாம் நீரோட்டத்தை எதிர்த்துத் தலையை வைத்து ஒழுங்காக வரிசை பிடிக்கும். ஏற்றம் முடிந்து வற்றம் தொடங்குவதற்கு இடையில் தண்ணீர் அசையாமல் நிற்கும் நேரத்தில் இந்த ஒழுங்கு கலைந்துவிடும். மீன் அங்கேயே இருக்கும், ஆனால் எங்கே பார்த்துக்கொண்டிருக்கிறது என்று சொல்ல முடியாது, வாயும் திறக்காது. ஓதப் பட்டியலைப் பார்க்காமல் கிளம்புவதைப் போல வீண் இரவு வேறில்லை. எனக்குப் பிடித்தது வற்றம். காயலின் புல்திட்டுகளிலும் ஓடைகளிலும் இருந்து இறாலை அது இழுத்துக்கொண்டு வரும்.

அமாவாசையை ஒட்டிய இரவுகளுக்கு இரண்டு நன்மைகள் உண்டு. நிலா இல்லாததால் சுற்றுமுற்றும் இருட்டு, அதனால் விளக்கின் ஈர்ப்பு கூடும். அதோடு அமாவாசை, பௌர்ணமி இரண்டிலும் ஓதம் பெரிதாக இருக்கும், தண்ணீர் வேகமாக ஓடும். பௌர்ணமியன்று நீரோட்டம் கிடைத்தாலும் வெளிச்சம் எங்கும் பரவிவிடுவதால் மீன்கள் ஒரு விளக்கை நம்பி நிற்பது குறையும்.

மீன் எதிர்நீரைப் பார்த்து நிற்கிறது என்று தெரிந்தால், இரை எங்கிருந்து வர வேண்டும் என்பதும் தெரிந்துவிடும். விளக்குக்கு மேல்பக்கம், அதாவது தண்ணீர் வரும் பக்கம், வெளிச்சத்தைத் தாண்டி இருட்டில் எறியுங்கள். பிறகு நீரோட்டமே அதை விளிம்பை ஒட்டிக் கொண்டுவரட்டும். நீங்கள் செய்ய வேண்டியது தொய்வு விழாமல் தூண்டில் நரம்பைச் சுற்றிக்கொள்வது மட்டும்தான். விசுக்விசுக்கென்று இழுக்க வேண்டாம். மிதந்து வரும் இறால் எதிர்நீரில் நீந்திப் போகாது. நீரோட்டத்துக்கு எதிராக ஓடும் இரையை மீன் நம்பாது.

கயாக் எங்கே நிற்க வேண்டும்

இப்போது கயாக்குக்கு வருவோம். மோட்டார் படகில் வருபவர்களும் இதே விளக்குகளில் மீன் பிடிக்கிறார்கள். ஆனால் கயாக்குக்கு ஒரு தனி வசதி இருக்கிறது. முழங்கால் ஆழம்கூட இல்லாத இடத்தில் மிதக்கும், சத்தமில்லாமல் வரும், தண்ணீரோடு ஒட்டித் தாழ்வாக இருக்கும். அதாவது ஸ்நூக் செய்யும் அதே வேலையை நீங்களும் செய்யலாம்: இருட்டில் உட்கார்ந்து வெளிச்சத்தைப் பார்ப்பது.

விளக்குக்குக் கீழ்நீர்ப் பக்கத்திலிருந்து, அதாவது தண்ணீர் போகும் பக்கத்திலிருந்து, எதிர்த்து வலித்து வாருங்கள். மீனின் முதுகுப்பக்கமாக வருகிறீர்கள். துடுப்பை நிறுத்தினால் நீரோட்டம் உங்களைப் பின்னால் தள்ளும், விளக்குக்குள் கொண்டுபோய் முட்டாது. மேல்நீரிலிருந்து இறங்கி வந்தால் நேர்மாறு. ஒரு நிமிடம் கவனம் தவறினாலும் கயாக் மீன் கூட்டத்தின் தலைக்கு மேல் போய் நிற்கும், அன்றைக்கு அந்த விளக்கு முடிந்தது.

விளக்கிலிருந்து 15 மீட்டர் அளவில் நின்றுவிடுங்கள். ஆழமில்லாத இடமாக இருந்தால் நீளமான கழி ஒன்றைச் சேற்றில் குத்திக் கட்டிக்கொள்வது சத்தமில்லாத வழி. நங்கூரம் போடுவதானால் கயிறு முன்முனையிலிருந்தோ பின்முனையிலிருந்தோ போக வேண்டும். நடுப்பக்கத்தில் கட்டினால் நீரோட்டம் கயாக்கைப் பக்கவாட்டில் பிடித்துக் கவிழ்த்துவிடும். இருட்டில் இது விளையாட்டான விஷயம் இல்லை. கயிற்றின் நுனியில் ஒரு மிதவையும், ஒரே இழுப்பில் கழலும் கொக்கியும் இருக்கட்டும்.

சத்தத்தைப் பற்றிக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். தண்ணீரில் ஒலி நொடிக்குச் சுமார் 1500 மீட்டர் போகும், காற்றில் போவதைப் போல நான்கு மடங்குக்கு மேல். குறடு ஒன்று பிளாஸ்டிக் தளத்தில் விழுந்தால் உங்களுக்கு 'டக்' என்று கேட்கும். மீனுக்கு அது கதவை அடித்துச் சாத்தியது போல. பெட்டிகள், குறடு, துடுப்பு வைக்கும் இடத்தில் எல்லாம் பழைய துணியோ ரப்பர் விரிப்போ போட்டுவிடுங்கள். தலைவிளக்கை மீன் இருக்கும் பக்கம் அடிக்கவே கூடாது. முடிச்சுப் போட வேண்டுமென்றால் கரைக்கு எதிர்ப்பக்கம் திரும்பி மங்கலான சிவப்பு விளக்கைப் போடுங்கள். நம் கண் இருட்டுக்கு முழுசாகப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும். ஒரு வெள்ளை ஒளி அதை நொடியில் கெடுத்துவிடும், மங்கலான சிவப்பு அவ்வளவு கெடுக்காது.

நின்ற பிறகு உடனே எறியாமல் ஐந்து நிமிடம் பாருங்கள். எங்கே 'டப்' கேட்கிறது, எந்தப் பக்கம் நிழல் கடக்கிறது, குஞ்சு மீன் எவ்வளவு நீளம் என்பதெல்லாம் தெரியும். முதல் எறி உங்களுக்கு மிக அருகிலுள்ள மங்கலான ஓரத்தில். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே. முதலிலேயே நடுவில் போட்டுச் சின்ன ட்ரவுட் ஒன்று மாட்டித் துள்ளினால், ஓரத்தில் நின்ற பெரிய மீன் போய்விடும்.

கருவிகளைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. 7 அடி நடுத்தரக் கோல், 3000 அளவு ரீல், 10 முதல் 15 பவுண்டு இழுப்பு தாங்கும் பின்னல் நரம்பு. நுனியில் முக்கால் மீட்டர் நீளத்துக்கு 30 பவுண்டு ஃப்ளூரோகார்பன் நரம்பு. ஸ்நூக்குக்கு வெட்டும் பல் கிடையாது. ஆனால் அதன் வாய் உப்புத்தாள் போலச் சொரசொரப்பு, செவுள் மூடியின் விளிம்பு பிளேடு போலக் கூர்மை. மெல்லிய நரம்பு தாங்காது. இரை சின்னதாக இருக்க வேண்டும். விளக்கடியில் இருப்பவை விரல் நீளக் குஞ்சுகள், அதே அளவில் மென்மையான ரப்பர் மீனோ ரப்பர் இறாலோ போதும், தலையில் 3 அல்லது 4 கிராம் ஈயம். உயிர் இறால் கிடைத்தால் இன்னும் எளிது. மூன்று முள் கொத்தாக இருக்கும் இரைகளை வேண்டாம் என்பேன். இருட்டில், மடியில் துள்ளும் மீனோடு அவை கையில் ஏறும்.

மீன் மாட்டியவுடன் நேராகத் துறைக் காலுக்குத்தான் ஓடும். அங்கே ஒட்டியிருக்கும் சிப்பிகளும் கொட்டலசும் நரம்பை அறுத்துவிடும். அதனால் ரீலின் பிடியை முன்பே இறுக்கி வையுங்கள், கோலைத் தாழ்த்திப் பக்கவாட்டில் இழுங்கள். கீழ்நீரில் நின்றதன் பலன் இங்கேயும் கிடைக்கும், நீரோட்டமே மீனைத் துறையிலிருந்து உங்கள் பக்கம் தள்ளும். துறைக் கால்களை விட்டு மீன் வெளியே வந்ததும் நங்கூரக் கொக்கியைக் கழற்றிவிட்டு மிதந்து போய்விடுங்கள். சண்டையை இருட்டில், விளக்கிலிருந்து தள்ளி முடித்துக்கொண்டால் மற்ற மீன்கள் அங்கேயே இருக்கும்.

உங்கள் உயிரும் மற்றவர் வீடும்

இரவில் கயாக்கில் இருப்பவருக்கு மிகப் பெரிய ஆபத்து வேகமாக வரும் மோட்டார் படகு. அதை ஓட்டுபவர் கண்ணுக்கு நீங்கள் தெரிய மாட்டீர்கள். அமெரிக்கக் கடற்பயண விதிப்படி துடுப்புப் படகு குறைந்தது ஒரு வெள்ளை டார்ச்சைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்திருந்து, மோதலைத் தவிர்க்கப் போதுமான நேரம் இருக்கும்போதே காட்ட வேண்டும். இது குறைந்தபட்சம்தான். என் கருத்தில் முதுகுக்குப் பின்னால், தலைக்கு மேல் உயரத்தில், சுற்றிலும் தெரியும் ஒரு வெள்ளை விளக்கைக் கம்பத்தில் வைத்து எரியவிடுவதே சரி. தலைக்கு மேல் இருந்தால் உங்கள் கண்ணைக் கூசாது. மீன் மிரளும் என்று அதை அணைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு மீனுக்காக எடுக்க வேண்டிய துணிச்சல் இல்லை அது. படகுத் தடத்தைக் கடக்க வேண்டுமென்றால் குறுகலான இடத்தில் நேராக, சீக்கிரம் கடந்துவிடுங்கள்.

லைஃப் ஜாக்கெட் உடம்பில் இருக்க வேண்டும், இருக்கைக்குப் பின்னால் இல்லை. விசில் அதிலேயே கட்டியிருக்கட்டும். கடலோர நீர்நிலைகளில் இரவில் போகும் சின்னக் கயாக்குக்கும் ஆபத்துக் கால ஒளிச் சமிக்ஞை கட்டாயம். போகும் இடத்தையும் திரும்பும் நேரத்தையும் வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். கோடையில் புளோரிடாவின் மாலை இடிமழை சில நேரம் இரவுக்குள்ளும் நீளும். மின்னல் தூரத்தில் தெரிந்தாலே கரைக்குத் திரும்புங்கள். முதல்முறை போகும் இடத்தைக் கட்டாயம் ஒரு பகலில் சுற்றிப் பார்த்துவிடுங்கள். சிப்பித் திட்டு எங்கே, உடைந்த பழைய துறைக் கால்கள் எங்கே, வற்றத்தில் எந்த வழி தரைதட்டும் என்பதெல்லாம் இரவில் தெரியாது.

துறை ஒருவருடைய சொத்து. அதைச் சுற்றியுள்ள தண்ணீரில் மிதக்கலாம், ஆனால் துறையில் கயாக்கைக் கட்டவோ, கையூன்றவோ, ஏறவோ கூடாது. தூக்கி நிறுத்தியிருக்கும் படகின் மேல் ஈயம் பட்டால் வண்ணம் பெயரும். முள் கயிற்றில் சிக்கிவிட்டால் அடுத்த நாள் அந்த வீட்டுக் குழந்தையின் காலில் ஏறலாம். அதனால் குறி தப்பும் என்று தோன்றினால் எறியாமல் விட்டுவிடுங்கள். இரவில் தண்ணீர் மேல் பேச்சு வெகுதூரம் கேட்கும், மெதுவாகப் பேசுங்கள். யாராவது வெளியே வந்து தாங்கள் மீன் பிடிக்கப் போவதாகச் சொன்னால், வணக்கம் சொல்லிவிட்டு அடுத்த விளக்குக்குப் போவதுதான் மரியாதை. விளக்கை வாங்கி, மின்சாரம் கட்டி, அதை எரியவிட்டிருப்பவர் அவர்.

ஸ்நூக்கைப் பற்றி ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். நம் கொடுவாவுக்குத் தூரத்து உறவான இந்த மீனும், கொடுவாவைப் போலவே ஆணாகப் பிறந்து, வளர்ந்த பிறகு பெண்ணாக மாறும். ஆகவே நீங்கள் பிடிக்கும் பெரிய ஸ்நூக் பெரும்பாலும் முட்டையிடும் தாய். புளோரிடாவில் இதற்கு இரு பக்க அளவு வரம்பு இருப்பதற்கு இது ஒரு காரணம். அட்லாண்டிக் பக்கம் 28 முதல் 32 அங்குலம், மெக்சிகோ வளைகுடாப் பக்கம் 28 முதல் 33 அங்குலம், அதுவும் ஒருவருக்கு நாளுக்கு ஒன்றுதான். உரிமத்தோடு ஸ்நூக்குக்கெனத் தனி அனுமதியும் வேண்டும். பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாத மாதங்களும் உண்டு. அவை வட்டாரத்துக்கு வட்டாரம் மாறுவதால், போகும் வாரத்திலேயே மாநில மீன், வனவிலங்கு ஆணையத்தின் விதியைப் பார்த்துவிடுங்கள். இது குளிர் தாங்காத மீனும்கூட. 2010 ஜனவரியில் வந்த கடுங்குளிரில் ஏராளமான ஸ்நூக் செத்து மிதந்தன. அதன் பிறகு வளைகுடாப் பக்கம் 2013 வரை ஒன்றைக்கூட வைத்துக்கொள்ள அனுமதி இல்லை. தண்ணீர் குளிர்ந்திருக்கும் இரவுகளில் மாட்டும் மீனைத் தண்ணீரிலிருந்து வெளியே எடுக்காமலே முள்ளைக் கழற்றிவிடுவது நல்லது.

திரும்ப விடும் மீனை ஈரக் கையால் பிடியுங்கள். தானே வாலை அடித்துப் போகும்வரை எதிர்நீரில் முகம் வைத்துப் பிடித்திருங்கள். பக்கத்தில் 'புஸ்' என்று மூச்சு விடும் சத்தம் கேட்டால் டால்பின் வந்துவிட்டது என்று பொருள். விளக்கடியில் இரை இருப்பது அவற்றுக்கும் தெரியும், களைத்த மீனை நீங்கள் விடுவதற்காகக் காத்திருக்கவும் தெரியும். அப்போது அந்த இடத்தை விட்டுவிடுங்கள்.

டால்பின் வராத இரவிலும் ஒரே விளக்கில் உட்கார்ந்திருக்க வேண்டாம். இரண்டு மூன்று மீன் மாட்டியதும் 'டப்' சத்தம் நின்றுவிடும், நிழல்கள் ஆழத்துக்குப் போய்விடும். கழியை மெதுவாகப் பிடுங்கிக்கொண்டு கீழ்நீரில் சத்தமில்லாமல் பின்வாங்கி, வேறு விளக்குக்குப் போய்வாருங்கள். அரைமணி நேரம் கழித்து அதே இருட்டுக்குத் திரும்பி வந்து, துடுப்பை மடியில் வைத்துவிட்டுக் காது கொடுத்துக் கேளுங்கள்.